மாமனார் ஏன் எழுந்து போனார்?

கேள்வி: அண்ணா, எங்களுக்குக் குத்தாலம் பக்கம் ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்போம். எதைப் போடுவது என்பது என் பொறுப்பு. போன வாரம் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற கொரியப் படத்தைப் போட்டேன். வீட்டுக்காரர் பிரமாதம் என்கிறார். கொழுந்தனார், 'கொலைகாரன் யாருன்னே சொல்லாம முடிச்சா அது என்ன படம்' என்று கத்தினார். அப்புறம் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, 'நிஜத்துல 2019லயே ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, இது காலாவதியான படம்' என்றார். மாமனார் ரிட்டயர் ஆன ஏட்டு. ஆரம்பத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து 'நம்ம ஊரு மாதிரியே இருக்கே' என்று ரசித்தவர், ஸ்டேஷனில் அடிக்கிற காட்சி வந்ததும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். கொழுந்தனார்கூட 'என்னப்பா, ஒங்க காலத்துக் கதையா'ன்னு சிரித்தார். மூன்று நாளாக மாமா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்தப் படத்தைப் போட்டது என் தப்பா? உண்மையில் இது நல்ல படமா, இல்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. நல்ல படம்தான். 2003-இல் போங் ஜூன் ஹோ எடுத்தது, நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், முதல் தடவை முடிந்ததும் உங்கள் கொழுந்தனார் மாதிரியே எரிச்சல் வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் அந்த டிடெக்டிவ் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், படம் முடிந்துவிடுகிறது. பந்திக்கு உட்கார வைத்து இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு ஊறுகாய் எல்லாம் வைத்துவிட்டு சோறு மட்டும் வரவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதனால் கொழுந்தனாரைத் திட்டாதீர்கள். அவருடைய புகார் பழைய புகார். 1954-இல் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' வந்தபோது நம் ஜனங்களே அதை ஓட விடவில்லை. 1943-இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம் நடக்கிற கொலை, சிவாஜி செத்து விழுவதில்தான் கதையே ஆரம்பம், ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி. ஒரு பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, தியேட்டரில் கூட்டம் கிடைக்கவில்லை. இன்றைக்கு அதே படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். துப்பறியும் படத்துக்கு வருகிறவர் என்ன எதிர்பார்த்து வருகிறாரோ அது கிடைக்காவிட்டால் கத்தத்தான் செய்வார், அதில் தப்பில்லை.

ஆனால் 'காலாவதி' என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபோனில் முதல் நாலு வரியோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் வேறு ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

தென் கொரியாவில் ஹ்வாசொங் என்ற பகுதி. 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். 2019-இல் டி.என்.ஏ. பொருந்தி ஆள் தெரிந்தபோது, அவன் ஏற்கெனவே வேறு ஒரு கொலைக்காக ஆயுள் தண்டனையில் உள்ளே இருந்தான். 1994-இல் தன் மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கு அது. ஆனால் இந்தப் பழைய கொலைகளுக்காக அவனைக் கோர்ட்டில் நிறுத்த முடியவில்லை, அந்த ஊர்ச் சட்டப்படி காலக்கெடு 2006-லேயே முடிந்திருந்தது. (நம் நாட்டில் கொலை வழக்குக்கு அப்படிக் காலக்கெடு கிடையாது, அந்த மட்டுக்கு நிம்மதி.) சரி, இதுவரை கொழுந்தனாருக்கும் தெரிந்திருக்கலாம். அந்தப் பத்தில் எட்டாவது கொலைக்கு அப்போதே ஒருவரைப் பிடித்து, அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள். இருபது வருஷம் சிறை. போலீஸ் அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மையான ஆள் வாயைத் திறந்த பிறகு, 2020 டிசம்பரில்தான் கோர்ட் அவரை நிரபராதி என்று விடுவித்தது.

அப்படியென்றால் உங்கள் மாமனார் எழுந்து போன காட்சி வெறும் சினிமா இல்லை. 2003-இல் படம் எடுத்தவருக்குக் கொலைகாரன் யார் என்று தெரியாது. ஆனால் ஸ்டேஷன் கீழறையில் என்ன நடந்திருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. உதைத்த தடம் தெரியக்கூடாது என்று பூட்ஸுக்கு மேலே உறை மாட்டிக்கொண்டு உதைப்பார் ஒரு போலீஸ்காரர். அடி வாங்கிய அந்தப் புத்தி மட்டுப்பட்ட பையனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் டிவியில் துப்பறியும் தொடர் பார்ப்பார்கள். இந்த இடத்தில் சிரித்துவிட்டு, அப்புறம் ஏன் சிரித்தோம் என்று இருந்தது எனக்கு.

அதே 1986-இல் இங்கிலாந்தில் நடந்ததையும் கொழுந்தனாருக்குச் சொல்லுங்கள். இரண்டு சிறுமிகள் கொலை, ஒரு பதினேழு வயசுப் பையன் அதில் ஒன்றை நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி அப்போது புதிதாகக் கண்டுபிடித்திருந்த டி.என்.ஏ. சோதனையைச் செய்து பார்த்தால், இரண்டையும் செய்தது ஒரே ஆள், அது இந்தப் பையன் இல்லை. ஒரு கொலை வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் வேலையே குற்றவாளியைப் பிடித்தது இல்லை, ஒப்புக்கொண்டவனை வெளியே விட்டது. கொரியப் படத்தில் சாம்பிளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்களே, அந்தத் தவிப்பு 2019-க்கு அப்புறம் பார்த்தாலும் குறையவில்லை. அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாதது என்ன என்பதுதான் படம். நமக்கு இன்றைக்குத் தெரியும் என்பதால் அது எப்படிக் கெட்டுப்போகும்?

சரி, மாமனாருக்கு வருவோம். 'நம்ம ஊரு மாதிரியே இருக்கே' என்றாரே, எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்தது. முற்றிய கதிர் வயல், நடுவில் மண் ரோடு, அதன் ஓரத்துக் கால்வாய்க் குழாய்க்குள் குனிந்து பார்க்கிற போலீஸ்காரர், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள். மதகைக் கண்டால் உள்ளே குனிந்து பார்க்காத டெல்டாக்காரர் உண்டா? கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகும், அந்த டிடெக்டிவ் கத்துவார். ஐப்பசி அடைமழையில் வரப்பில் தடம் தேடியவருக்கு அது சிரிப்பா வரும்? துப்பு கிடைக்காமல் சாமியாடுகிற பெண்ணிடம் போய்த் தாளில் மை ஊற்றி முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், நம் பக்கத்து 'மை போட்டுப் பார்க்கிற' கதைதான். இன்றைக்கு ராத்திரி கொலை நடக்கும் என்று மழையைப் பார்த்துக் கணித்து ஆள் கேட்டால், எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் வரும். தேரோட்டம், அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்துக்கே பாதி சர்வீஸைக் கொடுத்த ஒரு ஏட்டுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை நம் ஊரில் எடுத்தால் என்ன பாடு படுத்துவோம் என்றும் யோசித்தேன். 1986 என்று எழுத்துப் போட்டுவிட்டு, குத்தாலம் ஸ்டேஷன் போர்டில் 'மயிலாடுதுறை மாவட்டம்' என்று எழுதியிருந்தால் உங்கள் மாமனார் அங்கேயே படத்தை நிறுத்தியிருப்பார். அப்போது எல்லாம் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் பிரிந்தது 1991, மயிலாடுதுறை தனியானது 2020. என் சித்தப்பா ஒருவர் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தார். போலீஸ் படம் என்றாலே அவருக்குச் சிரிப்பு. 'எவனாவது உக்காந்து எழுதுறானா பாரு' என்பார். மகஜர், வாக்குமூலம், கேஸ் டைரி என்று விரல் தேய எழுதினவருக்கு, ஹீரோ கூலிங் கிளாஸைக் கழற்றியதும் கேஸ் முடிவது எப்படிப் பிடிக்கும்? உங்கள் மாமனாரும் இப்படிக் குறை சொல்லிக்கொண்டே கடைசிவரை பார்த்திருக்க வேண்டியவர்தான்.

பிறகு ஏன் எழுந்தார்? நீங்கள் படத்தின் மேல் சந்தேகப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் வேறு ஒரு வரி மேல் சந்தேகம். 'என்னப்பா, ஒங்க காலத்துக் கதையா'ன்னு கொழுந்தனார் சிரித்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் 'கூட' போட்டு. அது அவர் எழுவதற்கு முன்னாலா, எழுந்து போகும்போதா? முன்னால் என்றால் எனக்கு மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை. பின்னால் என்றாலும் திண்ணைக்கு அது கேட்டிருக்கும். மருமகளும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், சொந்த மகன், 'நீயும் இப்படித்தானே செய்தாய்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுச் சிரிக்கிறான். அதற்கு அவர் 'ஆமாம்' என்றாலும் கஷ்டம், 'இல்லை' என்றாலும் யாரும் நம்பப் போவதில்லை. திண்ணைக்குப் போவதைத் தவிர வேறு என்ன வழி?

அவர் யாரையாவது அடித்தாரா, அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாரா, தடுத்தாரா, எதுவுமே இல்லாமல் முதுகுவலியா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதை ஊகிக்கவும் வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே எழுதி வைத்தான் வெள்ளைக்காரன், தன் போலீஸ் மேல் அவனுக்கே அவ்வளவு நம்பிக்கை. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. கைது செய்தால் என்னென்ன எழுத வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் டி.கே.பாசு வழக்கில் கறாராகச் சொன்னது 1996-இல். உங்கள் மாமனார் அதற்கு முன்னும் பின்னும் சர்வீஸில் இருந்திருந்தால், இரண்டு காலத்தையும் பார்த்தவர். அதைப் பற்றிப் பேச அவருக்கு இஷ்டம் இருந்தால் பேசுவார். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். 'மாமா, மன்னிச்சிடுங்க' என்று போய் நிற்காதீர்கள், அப்படி நின்றால் விஷயம் பெரிசாகிவிடும். சாயங்காலம் காபி கொடுக்கும்போது, 'மாமா, மழை நாள்ல கால் தடம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க, அதையும் அச்சு எடுக்க முடியுமா' என்று கேளுங்கள். தொழிலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத ரிட்டயர்ட் ஆள் இல்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தொடங்கி மோப்ப நாய் வரை வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். படத்தைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அவராக, 'அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்' என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், அவர் ஏதாவது சொல்வாரா என்று முகத்தைப் பார்க்காதீர்கள்.

கொழுந்தனாரிடம் வீட்டுக்காரர் தனியாக ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் முந்துகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு 'அந்த நாள்' போடுங்களேன். அடி உதை இல்லை, கொலைகாரன் யார் என்று கடைசியில் சொல்லியும் விடுவார்கள், கொழுந்தனாருக்கும் திருப்தி. ஆனால் படம் போடுவதற்கு முன்னால் அவர் ஃபோனை வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்துவிடுங்கள்.