டேட்டாபேஸ் வேலைக்கு விண்டோஸ் சர்வரா, லினக்ஸா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பி.சி.ஏ. முடித்துள்ள தங்கள் மகள் டேட்டாபேஸ் நிர்வாகியாக விரும்புகிறார் என்றும், ஒரு பயிற்சி மையம் விண்டோஸ் சர்வரையும் மற்றொன்று லினக்ஸையும் வலியுறுத்துவதால் எதற்குப் பணம் கட்டுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். லினக்ஸில் தொடங்கச் சொல்லுங்கள்.

எந்த டேட்டாபேஸ் என்பது முடிவானால், அது ஓட வேண்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டமும் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பாதி முடிவானதுபோலத்தான். ஆரக்கிள் நிறுவனம் தன் டேட்டாபேஸுக்கு ரெட் ஹேட், ஆரக்கிள் லினக்ஸ், சூசே போன்ற சில லினக்ஸ் வகைகளுக்கே சான்றளித்துள்ளது. உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் வகையில் எப்படியோ நிறுவிவிட்டாலும், பழுது வரும் நாளில் அவர்களிடம் உதவி கேட்க இயலாது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்.கியூ.எல். சர்வர்கூட 2017 பதிப்பிலிருந்து லினக்ஸில் ஓடுகிறது, எனினும் அறிக்கைகள் தயாரிக்கும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் போன்ற துணைப் பகுதிகளுக்கு விண்டோஸ்தான் வேண்டும். ஆகவே விண்டோஸ் அறிவும் வீண்போகாது.

நேர்முகத் தேர்வில் கட்டளைகளை ஒப்பிப்பதைவிட, சிஸ்டம் மாறினால் தரவுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தெரிவதற்கே மதிப்பு அதிகம். ரெட் ஹேட் 7-ஆம் பதிப்பில் ஓடிய போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே 8-ஆம் பதிப்புக்குக் கொண்டுசென்றால், இடையில் ஜிலிப்சி (லினக்ஸில் பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை நிரல் தொகுப்பு) 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியிருப்பதால், பழைய வரிசைப்படி கட்டப்பட்ட இன்டெக்ஸ்கள் (தரவை விரைவாகத் தேட உதவும் அகரவரிசைப் பட்டியல் போன்றவை) பிழையாகிவிடக்கூடும்; அட்டவணையில் இருக்கும் வாடிக்கையாளரைப் பெயரால் தேடினால் 'இல்லை' என்று பதில் வரக்கூடும். அந்த இன்டெக்ஸ்களை மீண்டும் கட்டினால் சரியாகிவிடும், ஆனால் அதை முன்கூட்டியே அறிந்தவர் வேண்டும்.

ஒரு சிஸ்டத்துக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் ஆதரவுக் காலத்தையும் பார்க்கப் பழக வேண்டும். 2029 வரை இருக்கும் என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ், 2021 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டபோது பலர் அவசரமாக ராக்கி, ஆல்மா என்ற வேறு லினக்ஸ்களுக்கு இடம் மாற நேர்ந்தது.

பணம் கட்டுமுன், வீட்டிலுள்ள மடிக்கணினியில் ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போலியாக உருவாக்கித் தரும் இலவசமான விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதில் ராக்கி லினக்ஸையும் போஸ்ட்கிரெஸையும் தங்கள் மகளே ஏற்றிப் பார்க்கட்டும். மெமரி தீர்ந்துபோகும்போது லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸையே வலிந்து நிறுத்திவிடக்கூடும் என்பதையும், அதன் தடயம் லாகில் (சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவேடு) பதிவாவதையும் ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், எந்த மையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கே விளங்கும். பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்கும் பயிற்சியை மாணவர் கையால் செய்ய வைக்காத மையம் எதுவாயினும், கட்டணம் குறைவு என்பதற்காக அங்கே சேர்க்க வேண்டாம்.