வாசகர் கேள்வி பதில்: முதல் ஆண்டும் முதல் அறையும்

பல்கலைக்கழக நுழைவு முடிவுகள் வெளியான நாள் முதல் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளை எங்கே தங்குவது என்ற ஒரே கேள்வியையே வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. பினாங்கு மின்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பற்றியே அதிகமானோர் எழுதியிருப்பதால், பினாங்கை மனத்தில் வைத்தே இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடமும் வளாக விடுதியில் அறையும் கிடைத்துள்ளன. ஆனால் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணன், தன் வீட்டிலேயே தங்கிப் போய்வரட்டும் என்கிறார். பெண் பிள்ளை, சொந்த வீடு, செலவும் மிச்சம் என்பது அவர் வாதம். மறுத்தால் மனம் வருந்துவார். என்ன செய்யலாம்? (ஒரு தாயார், சுங்கைப்பட்டாணி)

பதில்: சகோதரி, உங்கள் அண்ணனின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தாலும் விடுதி அறையை விட்டுவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பட்டர்வொர்த்திலிருந்து வளாகத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம், தீவில் குளுகோர்ப் பக்கம் இறங்குவதால் வளாகத்துக்கு அருகில் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் காலையில் வேலைக்குச் செல்லும் வாகனங்கள் அனைத்தும் அதே பாலத்தில்தான் ஊர்ந்து கொண்டிருக்கும். மற்றொரு வழி, ஃபெரியில் ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு வந்து அங்கிருந்து பேருந்தில் குளுகோர் வரை செல்வது. வகுப்புகள் காலை முதல் மாலை வரை தொடர்ச்சியாக அமைவதில்லை. எட்டு மணிக்கு ஒரு விரிவுரை, பிறகு பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பயிற்சி வகுப்பு, இரவு ஒன்பது மணிக்குக் குழுப்பணிக் கூட்டம் என்றுதான் முதலாம் ஆண்டின் பல நாள்கள் அமைகின்றன. அந்தக் கூட்டம் முடிந்து உங்கள் மகள் எப்போது கடலைக் கடந்து வீடு சேர்வார் என்பதை எண்ணிப் பாருங்கள். சேர முடியாது என்பதால் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடுவார். பாதிப்பு அங்குதான் தொடங்குகிறது.

என் மகளை இதே வளாகத்தில் விட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்காம் மாடிக்குப் பெட்டியைத் தூக்க முடியாமல் படிக்கட்டில் நாங்கள் இருவரும் மூச்சு வாங்கி நின்றபோது, கிளந்தானைச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெண், பெயர்கூடச் சொல்லாமல், பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். மூன்றாம் வாரத்தில் என் மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறியபோது ஈரத்துணியை நெற்றியில் வைத்து உட்கார்ந்திருந்தவளும், விடிந்ததும் வளாகத்தில் உள்ள புசாட் செஜாத்தெரா மருத்துவ நிலையத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றவளும் அதே பெண்தான். எனக்குச் செய்தி மறுநாள் மதியம்தான் தெரியும். உறவினர் வீட்டில் இதைவிட நன்றாகக் கவனித்திருப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தோழி கிடைத்திருக்க மாட்டாள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் விடுதிக் கட்டணம் வெளியில் அறை எடுப்பதைக் காட்டிலும் பெரிதும் குறைவு. நாள்தோறும் போய்வரும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அண்ணன் சொல்லும் மிச்சம் பெரிதாக இராது. இன்னொன்றையும் கருதுங்கள். முதலாம் ஆண்டில் எளிதாகக் கிடைக்கும் விடுதி இடம், அடுத்த ஆண்டுகளில் அப்படிக் கிடைப்பதில்லை. மாணவர் நடவடிக்கைகளில் பங்கெடுத்ததற்கான புள்ளிகளைப் பார்த்தே பிறகு இடம் தருவது வழக்கம். மாலையில் வளாகத்தில் இல்லாத மாணவி அந்தப் புள்ளிகளை எங்கிருந்து சேர்ப்பார்? அண்ணனிடம், மாதத்தில் ஒரு வார இறுதியில் பிள்ளை மாமா வீட்டுக்கு வருவாள் என்றும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண்ணாக அவருடைய எண்ணையே விடுதிப் படிவத்தில் எழுதியிருக்கிறோம் என்றும் சொல்லுங்கள். பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவருக்கு மனக்குறை இருக்காது.

கேள்வி: மேல்முறையீட்டில் தாமதமாக இடம் கிடைத்ததால் எனக்கு விடுதி இன்னும் உறுதியாகவில்லை. சமூக ஊடகத்தில் சுங்கை டுவாவில் குளிர்சாதன வசதியோடு மாதம் 250 ரிங்கிட்டுக்கு ஓர் அறை பார்த்தேன். மூன்று பேர் கேட்டிருப்பதாகவும், இன்றே இரண்டு மாத வைப்புத்தொகையை அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் முகவர் சொல்கிறார். அனுப்பலாமா? (மாணவர், பாகான் செராய்)

பதில்: தம்பி, ஒரு காசும் அனுப்ப வேண்டாம். கதவைத் திறந்து காட்ட முடியாதவரிடம் அந்த வீட்டின் சாவி இருக்கிறது என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் தந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகாருக்கு உள்ளான எண்களைத் தேடிப் பார்க்க உதவும் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் உடனே சரிபாருங்கள். ஆனால் அங்கே பெயர் இல்லை என்பதால் மட்டும் அவர் நேர்மையானவர் ஆகிவிட மாட்டார். இதைப் படிப்பவர்களில் எவராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், அழுது நேரத்தைக் கழிக்காமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணை அக்கணமே அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன்பு தடுப்பதே அந்த மையத்தின் வேலை. காவல் நிலையப் புகாரும் வேண்டும்.

விளம்பரத்தில் சுங்கை டுவா என்று மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய சுங்கை டுவா தீவில் இருக்கிறது. அதே பெயரில் பெருநிலத்தில், செபராங் பிறை வட பகுதியில், சுங்கச் சாவடியோடு ஓர் ஊர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கடல் இருக்கிறது. எனவே முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

நேர்மையான வாடகையில் வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை, முதல் மாத வாடகை ஆகியவையே. 250 ரிங்கிட் அறைக்கு 500, 125, 250 எனக் கூட்டினால் 875 ரிங்கிட் ஆகிறது. இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, அறையைப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கமாக இருந்தாலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி தீர்வை செலுத்தாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

அறையை மாலையில் போய்ப் பாருங்கள். என் அக்காள் மகனுக்காக நான் பார்த்த அறைகளில் ஒன்று, காலை பத்து மணிக்கு அமைதியாகவும் வெளிச்சமாகவும் இருந்தது. ஏதோ ஒரு சந்தேகத்தில் இரவு ஏழு மணிக்கு மீண்டும் சென்றோம். குழாயைத் திறந்தால் நூல் போலத் தண்ணீர் வந்தது. வீட்டில் இருந்த ஏழு பேரும் ஒரே குளியலறைக்குக் காத்திருந்தார்கள். சுவரில் விரலை மடக்கித் தட்டியபோது பெட்டியைத் தட்டுவது போன்ற ஓசை கேட்டது; வரவேற்பறையைப் பலகையால் தடுத்து உண்டாக்கிய அறை அது. சன்னல் வெளியே திறக்காமல் சமையலறைக்குள் திறந்தது. தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி இல்லாத அத்தகைய அறையை வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. குளிர்சாதனத்துக்குத் தனி மீட்டர் உண்டா, இணையக் கட்டணம் யாருடையது, துணி உலர்த்த இடம் எங்கே, முன்கதவுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பவற்றை அங்கேயே கேளுங்கள். குடிபுகும் நாளில் சுவர்க் கறை, உடைந்த தாழ்ப்பாள், மெத்தைக் கிழிசல் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், ஆண்டு முடிவில் அவற்றைக் காட்டி உங்கள் வைப்புத்தொகையைப் பிடிக்க முடியாது.

விடுதி அலுவலகத்துக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம். பதிவு நாளில் வராதவர்களின் இடங்கள் முதல் இரண்டு வாரங்களில் காலியாகலாம். ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்கு எழுதும் முன்பு அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வீடுகளுக்கு அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும் மூன்றும் ‘எடுத்தாகிவிட்டது’ என்ற பதில்தான். நான்காவது விளம்பரத்தில் எந்த இனத்தவருக்கு மட்டும் என்றே எழுதியிருந்தார்கள். (மாணவி, தைப்பிங்)

பதில்: மகளே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தொன்பது வயதில் வீடு தேடும் ஒரு பிள்ளைக்கு நம் நாட்டில் இது நேர்வது எனக்கு வேதனையும் கோபமும் தருகிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆனால் அது அரசின் செயல்களையே கட்டுப்படுத்தும், தனியாரை அன்று என்பதே நீதிமன்றங்கள் எடுத்துள்ள நிலை. எனவே அந்த வீட்டுக்காரர்களோடு வழக்காடி அக்டோபருக்குள் அறை பெற முடியாது. தொலைபேசியில் முதல் வாக்கியத்திலேயே, நான் இந்திய மாணவி, அறை தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். பேருந்து ஏறிச் சென்று திரும்பும் அலைச்சலாவது மிச்சமாகும். அதைவிட நல்ல வழி, மூத்த மாணவிகள் குடியிருக்கும் வீடுகளில் காலியாகும் இடத்தைப் பிடிப்பது. பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் அமைப்புகளுக்கு எழுதுங்கள். நல்ல வீட்டுக்காரர்களின் அறைகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கே வருவதில்லை. அக்காவிடமிருந்து தங்கைக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

கேள்வி: மகனுக்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பொறியியல் கிடைத்துள்ளது. குளுகோரில் வீடு பார்க்கட்டுமா? (தந்தை, கூலிம்)

பதில்: வேண்டாம் ஐயா. பொறியியல் வளாகம் தீவில் இல்லை. பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது. மருத்துவ அறிவியல் வளாகமோ கிளந்தானில், கூபாங் கெரியானில் உள்ளது. நுழைவுக் கடிதத்தில் வளாகத்தின் பெயரைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: விடுதி அறையில் விளக்கேற்றிச் சாமி கும்பிடலாமா? அறைத்தோழி வேறு சமயத்தவர். நான் சைவம். (மாணவி, ஈப்போ)

பதில்: தீ விபத்துக்கு அஞ்சி விடுதிகள் அறைக்குள் தீபமும் சாம்பிராணியும் அனுமதிப்பதில்லை, சிறிய படமும் திருநீறும் போதும். அலமாரியின் எந்தத் தட்டில் படம் வைக்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே தோழியிடம் சொல்லிவிடுங்கள். அவர் முஸ்லிமாக இருந்தால் நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் எழுந்து விளக்கைப் போட்டு உண்ண வேண்டியிருக்கும். உங்கள் உறக்கம் சற்றுக் கலைந்தாலும் முகம் சுளிக்காமல் இருங்கள். உணவகத்தில் கீரையும் காயும் தனியாகத் தெரிந்தாலும், அவற்றில் நெத்திலியோ பெலாச்சான் என்ற இறால் விழுதோ சேர்ந்திருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். அறையில் மின்சாரச் சோற்றுப்பானை வைக்கலாமா என்பதை விடுதி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பறிமுதல் செய்யப்பட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். தைப்பூசம் பினாங்கில் மாநில விடுமுறை என்பதால் அன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லத் தடை இராது. மற்ற நாள்களில், 1833ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ்டவுன் குவின் தெருவில் இருந்துவரும் மாரியம்மன் ஆலயத்துக்குப் பேருந்திலேயே போய்வரலாம்.

கேள்வி: நான் மின்டென் வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு வீட்டு ஏக்கம் தாங்காமல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு ஓடினேன். முதல் பருவ மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. இப்போது என் தம்பியும் இதே வளாகத்துக்கு வருகிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? (மாணவி, சித்தியவான்)

பதில்: உங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், என் அறிவுரையைவிட அதுவே அவனைத் தொடும். முதல் நான்கு வார இறுதிகள் வளாகத்திலேயே இருக்கட்டும். குழுப்பணிக்கான குழுக்கள் அந்த வாரங்களில்தான், அதுவும் பெரும்பாலும் சனி ஞாயிறு மேசைகளில்தான் உருவாகின்றன. அங்கே இல்லாதவர் கடைசியில் மிஞ்சுகிறவர்களோடு சேர்க்கப்படுகிறார். பாடங்களை மாற்றிக்கொள்ளும் காலக்கெடுவும் பருவத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால், ஒரு பாடம் பிடிபடவில்லை என்றால் கல்வி ஆலோசகரை இரண்டாம் வாரத்துக்குள் சந்திக்க வேண்டும். விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டுவதற்கு நம் பிள்ளைகள் அநாவசியமாக அஞ்சுகிறார்கள். சந்திப்பு நேரம் என்று எழுதிப் போட்டிருப்பது வருவதற்காகத்தான்.

பணத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிடிபிடிஎன் என்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுக்கு, அதன் சேமிப்புத் திட்டமான சிம்பான் எஸ்எஸ்பிஎன் கணக்கு வேண்டும். விண்ணப்பித்து, ஒப்பந்தம் முடிந்து, பணம் கைக்கு வருவதற்குள் பருவத்தின் பல வாரங்கள் கழிந்துவிடும். அதுவரை சாப்பாட்டுக்கான தொகையைப் பெற்றோர் தனியே எடுத்து வைக்கட்டும். முதல் வகுப்பில் தேறுவோரில் தகுதியுள்ளவர்கள் அக்கடனைத் திரும்பச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெற விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவன் முதல் பருவத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டில் தெரிந்து பயனில்லை.

பெற்றோர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கறிச்சோறு எடுத்துக்கொண்டு வருவதை, முதல் மாதத்திலாவது, நீங்கள்தான் அன்பாகத் தடுக்க வேண்டும். மாலையில் ஒரு குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசினால் போதும். நீங்களும் அவனுடைய துணியைத் துவைத்துக் கொடுக்காதீர்கள். வந்த முதல் சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு ரேப்பிட் பினாங்கு பேருந்தில் ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்து சென்று, வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். திரும்பி வரும் பேருந்து எது, எங்கே நிற்கும் என்பதை அவனே விசாரித்துக் கண்டுபிடிக்கட்டும்; நீங்கள் தெரியாதவர் போலப் பின்னால் நடந்து வாருங்கள்.