காற்றாலையை விடுங்கள், முதலில் வானம்

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யாக்கோப் வான் ராய்ஸ்டாலின் காற்றாலை ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகுகிறேன். ஆறு, படகு, காற்றாலை எல்லாம் சரியாக வந்தும், மூலத்தில் உள்ள கனத்த அமைதி வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: பொருள்களை முதலில் வரைந்துவிட்டு, மிச்ச இடத்தில் வானத்தைப் பூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் 1670 வாக்கில் வரையப்பட்ட, இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில் பெரும்பகுதி வானம்தான். லெக் ஆற்றங்கரையில் உள்ள வைக் பை டூர்ஸ்டேட ஊர் தாழ்ந்து கிடக்கிறது. தொடுவானம் நடுக்கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. கோட்டையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டினாலும், மேகம் வரை ஏறி நிற்பது காற்றாலை ஒன்றுதான். உங்கள் தொடுவானத்தை அளந்து பாருங்கள். கொஞ்சம் மேலே போயிருந்தாலும் காற்றாலை குள்ளமாகிவிடும்.

அடுத்தது மேகம். மேலே அது புரண்டுகொண்டிருக்க, கீழே ஆறு ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. நீங்கள் சொல்லும் கனம் இந்த முரணிலிருந்துதான் வருகிறது. ஆற்றுக்குத் தனியாக ஒரு நீலம் கலக்காதீர்கள். வானத்துக்குக் கலந்ததையே சற்று இருட்டாக்கிப் பூசுங்கள்; இரண்டும் ஒரே பொழுதில் நிற்கும்.

நிறத்தை எப்படி அடக்குவது என்பதற்கு ராய்ஸ்டாலுக்கு முந்தைய டச்சு ஓவியர் யான் வான் கோயனைப் பாருங்கள். 1630, 40களில் அவர் வரைந்த ஆற்றுக் காட்சிகளில் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை தவிர அதிகம் எதுவும் இல்லை. வண்ணத்தை மெல்லிசாகப் பூசி, அடியில் உள்ள ஓக் பலகையின் நிறத்தையும் பல இடங்களில் தெரியவிட்டார். ஒன்று கவனிக்க வேண்டும்: அக்கால ஓவியர்கள் பயன்படுத்திய ஸ்மால்ட் என்ற நீலம் நாளடைவில் சாம்பலாக மங்கக்கூடியது. அதனால் பழைய வானங்களில் தெரியும் சாம்பல் எல்லாமே ஓவியர் விரும்பிப் பூசியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, இந்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். கேன்வாஸில் மெல்லிய பழுப்புப் பூசிக் காயவிடுங்கள். அதற்குள் அஞ்சலட்டை அளவில், பழுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என மூன்றே டோனில் ஒரு மாதிரி வரையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது அதில் உணர்வு வரவில்லையென்றால், எந்த நிறம் சேர்த்தாலும் வராது. வந்த பிறகு பெரிய கேன்வாஸில் வானத்தை முடித்துவிட்டுக் காற்றாலைக்கு வாருங்கள். கரையில் நிற்கும் மூன்று பெண்களையும் கடைசியில், சின்னதாகவே வையுங்கள்.