சாப்பாட்டு நேரத்து அரசியல்

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன் சாப்பிட உட்கார்ந்தாலே அப்பாவோடு அரசியல் பேசிச் சண்டை போடுகிறான். இந்த வயதில் இது தேவையா?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: தேவைதான் அம்மா. வீட்டுப் பேச்சு, கூட்டாளிகள், அப்புறம் அந்தச் சமயத்தில் நாட்டில் என்ன நடக்கிறது என்பது, எல்லாம் சேர்ந்து இந்த வயதில் மனதில் பதிகிற அரசியல் பலருக்குக் கடைசிவரை கூடவே வருகிறது. உங்கள் பக்கத்து ஊரையே பாருங்கள், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன்தான் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். அன்று புத்தகத்தோடு ஊர்வலம் போன பிள்ளைகள் இன்று தாத்தாக்கள். போராட்டம் வெடித்த அந்த 1965 ஜனவரியைப் பற்றிக் கேட்டால் இப்போதும் குரல் உயர்கிறது. சரி, பையனை அடக்காதீர்கள். சோறு ஆறினாலும் பரவாயில்லை, "ஏன்டா அப்படி நினைக்கிறாய்?" என்று அப்பா ஒருமுறை கேட்கட்டும்.