ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுக் கருவி: எதைப் படிப்பது?

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து தினமும் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போகிறேன். சின்ன நிறுவனம். பி.எச்.பி 7.4 என்ற நிரல் மொழி, அதன் மேல் தளம் கட்டும் சட்டகமான லாராவெல் 8, பிரவுசர் பக்கத்துக்கு ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், இவ்வளவுதான் எங்கள் உலகம். பஸ்சில் வெப் டெவலப்பர் பாட்காஸ்ட் கேட்பேன். கிழமைக்கு ஒரு புதுக் கருவியைப் பற்றிக் கதைக்கிறார்கள். பாதி விளங்குவதில்லை, விளங்கும் பாதியும் பயத்தைத்தான் தருகிறது. நான் பின்தங்கிவிட்டேனா? எதைப் படிக்க, எதை விட?

பதில்: பின்தங்கியிருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஜேகுவெரி அல்ல. 2006இல் வந்த அந்த நூலகம் இன்றும் உலகின் பெரும்பாலான தளங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை செய்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உறுத்தியது பி.எச்.பி 7.4. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. லாராவெல் 8க்கு 2023 ஜனவரியோடு. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டையையும் உங்கள் தளங்களில் அதிகாரபூர்வமாக யாரும் அடைக்கப்போவதில்லை. இதைப் பற்றி எந்தப் பாட்காஸ்டும் ஒரு மணித்தியாலம் கதைக்காது, ஏனென்றால் பழைய பதிப்பின் ஆயுள் முடிவது யாருக்கும் சுவாரசியமான செய்தியல்ல. உங்களுக்கோ அதுதான் தலைப்புச் செய்தி.

பாட்காஸ்டை விடச் சொல்லவில்லை. அதை ஒரு பாடமாகக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். நிரல் கண்ணில் தெரியாமல், கையால் தட்டிப் பார்க்காமல், பஸ் இரைச்சலில் ஒரு கருவியை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. அனுபவமுள்ள இருவர் ஒன்றை ஏன் எடுத்தார்கள், ஏன் கைவிட்டார்கள் என்று வாதாடுவதைக் கேட்கலாம். அந்தத் தீர்ப்பு எழுத்தில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. 2012இல் இருந்து நடக்கும் ஷாப்டாக் ஷோ இதற்கு நல்லது, அதில் நேயர் கேள்விகளுக்கும் இடமுண்டு. சின்டாக்ஸ் என்ற இன்னொரு பாட்காஸ்ட் வேகமாகப் போகும், நிறையக் கருவிகளைத் தொடும். அதை 2023இல் சென்ட்ரி என்ற மென்பொருள் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதனால் பொய் சொல்கிறார்கள் என்றல்ல, எந்த நிகழ்ச்சியிலும் செலவைப் பார்ப்பது யார் என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்துவது லாராவெல் பாட்காஸ்ட். ஆங்கிலம் வேகமாக இருந்தால் முதலில் எழுத்து வடிவத்தைப் பாருங்கள், பல நிகழ்ச்சிகள் அதைத் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. அன்ட்ராய்ட் போன் என்றால் ஆன்டெனாபாட் செயலி போதும். இலவசம், வீட்டு வைஃபையில் மட்டும் இறக்கும்படி வைக்கலாம், வேகத்தையும் குறைக்கலாம்.

"இன்னது செத்துவிட்டதா?" என்ற தலைப்புள்ள அத்தியாயங்களைத் தாராளமாகத் தாண்டுங்கள். பி.எச்.பிக்கு எத்தனை முறை செத்தவீடு கொண்டாடிவிட்டார்கள்!

அன்றைக்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான்: பாதுகாப்பு. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற மிகப் பிரபலமான என்.பி.எம் பொதிகளை (ஜாவாஸ்கிரிப்ட் வேலைக்கு எல்லோரும் இறக்கிப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்) பராமரித்தவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அவற்றுக்குள் கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரலைப் புகுத்தினார்கள். சில மணித்தியாலத்துக்குள் அகற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சேவரில் ஓடும் பகுதியான சர்வர் கம்போனன்ட்ஸில் வந்த ஓட்டை இன்னும் மோசம். உள்நுழையாத ஒருவரே சேவரில் தன் நிரலை ஓட்ட முடிந்தது. ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து. இப்படியானவற்றைப் பாட்காஸ்ட் சொல்லும்வரை காத்திருந்தால் கதை முடிந்துவிடும். உங்கள் நிரலை கிட்ஹப் தளத்தில் வைத்திருந்தால், ஓட்டையுள்ள பொதிகளை எச்சரிக்கும் டிபென்டாபாட்டை அங்கே இயக்கிவிடுங்கள். பி.எச்.பி பொதிகளைச் சோதிக்கும் கம்போசர் ஆடிட், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைச் சோதிக்கும் என்.பி.எம் ஆடிட் கட்டளைகளைத் திங்கட்கிழமை காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ் மொழியின் புது வசதிகள் பற்றி: எம்.டி.என் என்ற வெப் ஆவணத் தளத்தின் பக்கங்களின் மேலே பேஸ்லைன் என்ற குறி இருக்கும். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்து 30 மாதம் கடந்தால்தான் அது பரவலாகக் கிடைப்பது என்று குறிக்கப்படும். ஒரு பகுதி இருக்கும் பெட்டியின் அளவைப் பார்த்து அதன் தோற்றத்தை மாற்றும் கன்டெய்னர் குவெரி 2023 பெப்ரவரியில் எல்லாவற்றிலும் சேர்ந்தது, ஆகவே 2025 ஆகஸ்டில் அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சித்தப்பா கொடுத்துவிட்ட பழைய ஐபோன் இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது! அன்ட்ராய்டில் குரோம் பெரும்பாலும் தனியாகப் புதுப்பிக்கப்படும். ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு கட்டுண்டது. ஐபோன் 7, ஐ.ஓ.எஸ் 15ஐத் தாண்டாது, கன்டெய்னர் குவெரியோ சஃபாரி 16இல்தான் வந்தது. அதில் வேறு பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் அதே எஞ்சின்தான். பேஸ்லைன் குறியைப் பார்த்த கையோடு உங்கள் வாடிக்கையாளர் தளத்தின் பார்வையாளர் கணக்கையும் பாருங்கள்.

ரியாக்ட், அதே வேலைக்கான வியூ, இவற்றைப் படிக்கலாமா? படியுங்கள், ஆனால் வேலை மாறும் எண்ணம் இருந்தால் மட்டும், ஒன்றை மட்டும். உங்கள் விருப்பத்தை விட, விண்ணப்பிக்கப்போகும் இடங்களின் வேலை விளம்பரம் தீர்மானிக்கட்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை வேறு. முதலாளியிடம் "புதுசு நல்லது" என்று சொன்னால் காசு வராது. ஆதரவு முடிந்த தேதிகளைக் காட்டுங்கள், வாடிக்கையாளர் தரவு போனால் பதில் சொல்ல வேண்டியது யார் என்று கேளுங்கள். லாராவெல் 8, பி.எச்.பி 8.0இலும் ஓடும். ஆகவே முதலில் பி.எச்.பியை மட்டும் ஏற்றி, எல்லாம் சரியா என்று தளத்தின் ஒரு பிரதியில் பாருங்கள். பிறகு லாராவெலை 9, 10 என்று ஒவ்வொரு படியாக. பதினொன்றுக்கு பி.எச்.பி 8.2 வேண்டும். எட்டில் இருந்து ஒன்பதுக்குப் போகும்போது மின்னஞ்சல் அனுப்பும் பகுதியைக் கட்டாயம் சோதியுங்கள், அங்கே ஸ்விஃப்ட்மெயிலரை எடுத்துவிட்டு சிம்ஃபொனி மெயிலரை வைத்திருக்கிறார்கள். கோப்பு சேமிக்கும் பகுதியும் அதே படியில் மாறியிருக்கிறது.