ஃப்ரீகேடில் பெட்டியின் நீளத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் அறைகளும் தானாக மாறும்படி வரைவது எப்படி?

ஃப்ரீகேட் என்ற 3டி வரைவு மென்பொருளில், டிராயருக்குள் வைக்கும் தட்டு ஒன்றை வரைந்திருக்கிறீர்கள். நீளத்தை மாற்றினால் வெளிச்சுவர் மட்டும் நகர்கிறது, உள்தடுப்புகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. அதோடு, நீளத்துக்குத் தக்கபடி அறைகளின் எண்ணிக்கையும் கூடிக் குறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையை நானும் செய்ய வேண்டி வந்தது.

என் மச்சான் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஸ்க்ரூ, சார்ஜிங் பின், குட்டி ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பிரித்துப் போட, மேசையில் இருக்கும் மூன்று டிராயர்களுக்கும் தட்டு கேட்டார். மூன்றும் மூன்று அளவு: 160, 210, 80 மி.மீ. 3டி பிரிண்டரில் 0.4 மி.மீ. நாசில் (பிளாஸ்டிக் உருகி வரும் முனை) என்பதால் சுவருக்கு 1.6 வைத்தேன், சரியாக நாலு கோடு விழும். முதல் தட்டுக்கு மூன்று அறை வரைந்தேன், ஒவ்வொன்றும் 51.2. அழகாக வந்தது. அடுத்த டிராயருக்காக நீளத்தை 210 ஆக்கினேன். முதல் இரண்டு அறையும் அப்படியே இருக்க, கடைசி அறை மட்டும் 101.2 ஆகிவிட்டது. உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

இதற்கு நான் கண்ட வழி: தடுப்பை வரையாதீர்கள், அறையை வரையுங்கள். முதலில் முழுக்கட்டையாக ஒரு பெட்டி. அதில் ஒரே ஒரு அறையை பாக்கெட் (குழி வெட்டும் கருவி) கொண்டு குடையுங்கள். அந்தக் குழியை லீனியர் பேட்டர்னில் திரும்பத் திரும்ப வையுங்கள். மிச்சம் நிற்பதுதான் சுவர். தடுப்பை வரைந்தால், ஒரே அறை வரும்போது தடுப்பு பூஜ்யம் ஆக வேண்டும். பேட்டர்ன் பூஜ்யத்தை ஏற்காது, குறைந்தது ஒன்றாவது வேண்டும் அதற்கு. குழி என்றால் அந்தத் தொல்லையே இல்லை, ஒரு அறையாவது எப்போதும் இருக்கும்.

அடுத்தது கணக்கு. எது அசையக்கூடாது, எது விட்டுக்கொடுக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என் தட்டில் நீளமும் சுவரும் அசையாதவை. அறை அகலம் மாறலாம், ஆனால் விரல் நுழைய வேண்டும் என்பதால் 40 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. அதனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் நீளம், சுவர், குறைந்தபட்சம் மூன்றையும் கையால் எழுதுகிறேன். மற்றவை சூத்திரம் (ஃப்ளோர் என்றால் தசமத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுப்பது):

எண்ணிக்கை = ஃப்ளோர்((நீளம் − சுவர்) ÷ (குறைந்தபட்சம் + சுவர்))
அறை = (நீளம் − (எண்ணிக்கை + 1) × சுவர்) ÷ எண்ணிக்கை

மூன்று அறைக்கு நாலு சுவர், ஐந்து அறைக்கு ஆறு சுவர், அந்த "+ 1" அதற்குத்தான். நீளத்தில் ஒரு சுவரைக் கழித்துவிட்டால் மீதி எல்லாம் "ஓர் அறை, ஒரு சுவர்" என்ற ஜோடிகளாகிவிடும். எத்தனை ஜோடி அடங்கும் என்று பார்ப்பதுதான் முதல் வரி. 210க்கு 208.4ஐ 41.6ஆல் வகுத்தால் 5.0096, எனவே 5 அறை, ஒவ்வொன்றும் 40.08.

ஒவ்வொரு செல்லுக்கும் அலியாஸ் (ஒரு பெயர்) கொடுத்து, ஸ்கெட்சில் (2டி வரைபடத்தில்) இருக்கும் அளவுகளையும் பேட்டர்னின் எண்ணிக்கை, நீளம் இரண்டையும் எக்ஸ்பிரஷன் (எண்ணுக்குப் பதில் எழுதும் சூத்திரம்) வழியாக அதில் இணையுங்கள். அலியாஸுக்கு 'டி' (T) என்று ஒற்றை எழுத்து வைக்கப் பார்த்தால் மறுத்துவிடும், அது ஏற்கெனவே ஓர் அலகின் பெயர். முழுச் சொல்லாகவே வையுங்கள். பேட்டர்னில் கேட்கும் நீளம் முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரை உள்ள மொத்த தூரம்: (எண்ணிக்கை − 1) × (அறை + சுவர்).

மூன்றாவது டிராயர் இங்கேதான் இடித்தது. 80 மி.மீ.க்கு ஒரே அறைதான் வரும். அப்போது இந்த நீளம் பூஜ்யமாகி பேட்டர்ன் பிழை காட்டக்கூடும். (எண்ணிக்கை − 1) இருக்கும் இடத்தில் மேக்ஸ்(எண்ணிக்கை − 1, 1) என்று போடுங்கள், இரண்டில் பெரியதை அது எடுத்துக்கொள்ளும். பிரதி ஒன்றே ஒன்று என்பதால் அந்த நீளம் எதையும் நகர்த்தாது. எண்ணிக்கையின் சூத்திரத்தையும் இப்படியே மேக்ஸ்(1, …) என்று சுற்றிவிடுங்கள். யாராவது 30 மி.மீ. என்று போட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகி, அடுத்த வரியில் பூஜ்யத்தால் வகுக்க நேரும்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத பிழை. நீளம் 209.6 என்றால் விடை மிகச்சரியாக 5. ஆனால் தசமம் கலந்த எண்களைக் கணினி உள்ளுக்குள் 4.9999999 என்று வைத்திருக்கக்கூடும். ஃப்ளோர் அதை 4 ஆக்கிவிடும், ஓர் அறை காணாமல் போகும். ஃப்ளோருக்குள் 0.001 கூட்டிவிடுங்கள், போதும்.

மூலை வளைவை ஃபில்லட்டாகப் பின்னால் சேர்க்காமல் அறையின் ஸ்கெட்சிலேயே போட்டுவிடுங்கள், குழியோடு சேர்ந்து எல்லா இடத்துக்கும் போகும். ஆரம் மின்(3, அறை ÷ 4), அதாவது இரண்டில் சிறியது, என்று இருந்தால் அறை சுருங்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று மோதாது. ஸ்கெட்சைப் பெட்டியின் மேல்முகத்தில் ஒட்டாமல் அடிப்படைத் தளத்தில் வைத்து, உயரத்துக்கு ஆஃப்செட் (தளத்திலிருந்து தள்ளி வைக்கும் தூரம்) கொடுங்கள். மென்பொருள் உள்ளுக்குள் முகங்களுக்கு வைக்கும் பெயர் மாறி ஸ்கெட்ச் இடம் தவறும் சிக்கல் 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

அகலவாக்கிலும் அறை வேண்டுமென்றால் இதே இரண்டு வரியை அகலத்துக்கும் எழுதி, இரண்டு பேட்டர்னையும் மல்டி டிரான்ஸ்ஃபார்மில் சேர்த்துவிடலாம். ஃப்யூஷன் (முன்பு ஃப்யூஷன் 360) என்ற மென்பொருளிலும் கணக்கு இதேதான், ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் பதில் யூசர் பேரமீட்டர்.

முடித்ததும் நீளத்தில் 80, 160, 209.6, 210 என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். அறைகள் 1, 3, 5, 5 என்றும், அகலம் 76.8, 51.2, 40, 40.08 என்றும் வர வேண்டும். ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டால் உங்கள் சூத்திரத்தை அப்படியே கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.