பக்கியில் கேம்பர் ஏற்றப் போகிறீர்களா? ஷாக், ஸ்பிரிங், லிஃப்ட் பற்றிக் கேள்வி-பதில்

ஜூலை பள்ளி விடுமுறை நெருங்கினாலே டர்பனில் என் பட்டறைக்கு இதே கேள்விகள்தான் வருகின்றன. பக்கி என்று இங்கே நாம் சொல்லும் பிக்கப் வண்டியின் பின் பெட்டியில் கேம்பர் (உள்ளே தங்கிப் படுக்கும் கூண்டு) ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் கிளம்புகிற குடும்பங்கள் கேட்பவை.

ஹைலக்ஸ் டபுள் கேப் வைத்திருக்கிறேன். கேம்பரை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. விலை கூடின ஷாக் நான்கையும் மாற்றியும் உயரவில்லை. என்ன செய்யலாம் அண்ணே? (சாட்ஸ்வர்த்)

ஷாக் (ஷாக் அப்சார்பர்) சுமை தாங்காது. சுமைதாங்கி என்றால் அது ஸ்பிரிங்தான். உங்கள் வண்டியின் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங், தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் கமான் பட்டை என்பார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடும். நீங்கள் வாங்கிய ஷாக்கில் குறை இருக்காது; அதன் வேலை வேறு.

கேம்பரை ஏற்றிய நிலையில் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். சேஸிக்குக் கீழே பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கும். அதன் முனை பளபளவென்று தேய்ந்திருந்தால், ஒவ்வொரு குழியிலும் சுமை ரப்பர் வழியாக நேரே சேஸியில் இடிக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பிரிங் வாங்குமுன் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் லைசென்ஸ் டிஸ்க்கில் (கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு) டேர் எடை, அதாவது வெறும் வண்டியின் எடை, 2,000 கிலோ, மொத்த அனுமதி எடை 2,900 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 900. டீசல் 80 லிட்டர் ஏறக்குறைய 67 கிலோ. நான்கு பேர் 300. கேம்பர் 380. தண்ணீர் 60 லிட்டர், அதுவே 60 கிலோ. சாமான் நிறைத்த ஃபிரிட்ஜ் 45. முன் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி) 60. கூட்டினால் 912. பெட்டி படுக்கை எதுவும் ஏற்றாமலே 12 கிலோ கூடுதல்! பம்பரையோ பாதித் தண்ணீரையோ வீட்டில் விட வேண்டியிருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஏற்றி, வேபிரிட்ஜில் (வண்டி எடை மேடை) முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். அந்தச் சீட்டோடு ஸ்பிரிங் கடைக்குப் போய், “எப்போதும் ஏறியிருக்கும் சுமை இவ்வளவு” என்று சொன்னால் அதற்கேற்ற பட்டை கிடைக்கும். ஷாக்கை அந்த ஸ்பிரிங்குக்கு இணையாகத் தேர்ந்தெடுங்கள். கனத்த ஸ்பிரிங் எழும் வேகத்தை மெலிந்த ஷாக் பிடித்து நிறுத்தாது.

வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் இரண்டு அங்குலம் போதுமா, நான்கு போடலாமா? (லெனேசியா)

கேம்பருக்கு இரண்டைத் தாண்ட வேண்டாம். கூரைக்கு மேல் வரை எடை நிற்கிற வண்டியை இன்னும் தூக்கினால் வளைவில் சாயும். வான் ரீனன் கணவாயில் பக்கக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கிலேயே அது தெரியும். முன்பக்கம் உயர உயர, முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதை மூடும் ரப்பர் உறையான பூட் கிழியும். கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து வண்டி நேராக ஓடாமல் அலையும். இரண்டு அங்குலத்துக்கே அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். சில வண்டிகளுக்கு முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையான கண்ட்ரோல் ஆர்மும் மாற்ற வேண்டிவரும். ஹெட்லைட்டையும் இறக்கி வைத்துவிடுங்கள், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. சொல்லப்போனால், சரியான பட்டை போட்டுச் சுமையோடு வண்டி மட்டமாக நின்றாலே பலருக்கு லிஃப்ட் தேவைப்படாது.

பட்டையை மாற்றாமல், அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே காற்றடைத்து வைக்கும் ரப்பர் பையான ஏர்பேக் மட்டும் போட்டால் செலவு குறையுமே, தம்பி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

குறையும் ஐயா, ஆனால் இதில்தான் எனக்கு அதிகக் கவலை. லீஃப் ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் சுமையைச் சேஸிக்குப் பிரித்துக் கொடுக்கும். ஏர்பேக் அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கும். கேம்பரின் பின்பகுதி அச்சுக்குப் பின்னால் நீண்டு தொங்கினால், அந்த முட்டு மேல் சேஸி வில்லாக வளையப் பார்க்கும். கேபினுக்கும் பின் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படித் தெரிந்த ஒரு வண்டியின் சேஸியில் முடி அளவு விரிசலை நானே விரல் நகத்தால் தடவிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எத்தனை கிலோ என்பதைப் போலவே முக்கியம். ஹைலக்ஸின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 3,085 மில்லிமீட்டர். 400 கிலோ கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால், பின் அச்சு 439 கிலோவைச் சுமக்கும். முன் சக்கரங்களிலிருந்து 39 கிலோ குறையும். ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்னால் இருக்கும்போது அது நல்லதல்ல. தண்ணீர் டேங்க், பேட்டரி, டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் கேபினை ஒட்டி வையுங்கள். முதலில் பட்டையைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் சிறிது தாழ்ந்தால், கொஞ்சம் காற்றோடு ஏர்பேக் துணைக்கு இருக்கட்டும்.

சானி கணவாய் ஏறப் போகிறோம். ஷாக்கில் எண்ணெய் ஈரம் தெரிகிறது. மாற்றணுமா? (டோங்காட்)

மெல்லிய ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டியபின் சொட்டாக வழிந்திருந்தால் மாற்றுங்கள்.

சானி உச்சி 2,876 மீட்டர், ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் அங்கே ஊர்ந்துதான் போவீர்கள். ஷாக்கைக் கொல்வது மணிக்கணக்கில் ஓடுகிற அலைச் சாலை, அதாவது அலை அலையாக மேடு பள்ளம் விழுந்த மண் சாலை. செரெஸிலிருந்து கால்வினியாவுக்குப் போகும் ஆர்355 சரளைச் சாலையில், சுமார் 250 கிலோமீட்டர் வழியில் ஊரே கிடையாது, எனக்கு அந்தப் பாடம் கிடைத்தது. வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினேன். பின்பக்கம் தானாக மிதக்க ஆரம்பித்தது. நிறுத்தி ஷாக் உடம்பில் தண்ணீர் தெளித்தேன், ‘சுர்ர்’ என்று ஆவியாயிற்று. எண்ணெய் சூடாகி நுரைத்துப்போனால் ஷாக் இருந்தும் இல்லாத கதைதான். அரைமணி நேரம் ஆறவிட்டு, டயர் காற்றைக் குறைத்து, மெதுவாக ஓட்டி ஊர் சேர்ந்தேன். அத்தகைய பயணம் அடிக்கடி போவீர்களானால் பருமனான உடம்பு, அதிக எண்ணெய் கொள்ளும் ஷாக் வாங்குங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டால் அனுமதி எடையும் கூடுமா? (கெபேகா)

கூடாது. பிரேக், அச்சு, சேஸி, டயர் எல்லாம் பழையவைதானே. டிஸ்க்கில் இருக்கும் எண்தான் எண். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்பதும் அதைத்தான்.

வார நாளில் கேம்பரை இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறேன். வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. (வெருலம்)

400 கிலோவுக்குச் செய்த பட்டை வெறும் பெட்டியோடு அப்படித்தான் குதிக்கும். வருடத்தில் இரண்டு வாரம்தான் கேம்பர் என்றால் நடுத்தரப் பட்டையும் துணைக்கு ஏர்பேக்கும் உங்களுக்குப் பொருந்தும். காவடிக்குக் கோவிலுக்கு அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் அது தாங்கும்.

இன்னொன்று, புதுப் பட்டை மாட்டும்போது பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் உயரத்தில் இருக்கும்போதுதான் இறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) பாருங்கள். புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்கார்ந்ததும் நட்டு இளகும். பட்டை மாட்டிய இடத்திலேயே இறுக்கித் தரச் சொல்லுங்கள்.